கடைசி ஐந்து அடி

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத என்னைப் பற்றித்தான் வருகிறது. அதுவும் நல்லதாக ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் மறதி இல்லை, வெட்கம். வெட்கத்துக்கு வயதாவதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் ஒரு எட்டு மில்லிமீட்டர் சினிமா கேமரா இருந்தது. ஊசல் ஆடுவதைப் படம் பிடித்துக் காட்டுவதற்காக யாரோ எப்போதோ வாங்கியது. அதில் ஒரு கேபிளை மாட்டி அழுத்தினால் ஒரே ஒரு படம் மட்டும் பதியும். அப்படி ஒவ்வொன்றாக எடுத்து, நடுவில் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால், திரையில் ஓட்டும்போது அது தானாக நடக்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி நடந்துகொண்டேன்.

அந்த வருஷம் சேலத்தில் ஒரு சினிமா ரசிகர் சங்கம் மாணவர்களுக்குப் போட்டி வைத்தது. உயிரில்லாத பொருள்கள் நகர வேண்டும், ஒரே ஒரு சுருளில் எடுக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. அதாவது முதலில் எடுத்தது முதலில் வரும், கடைசியில் எடுத்தது கடைசியில் வரும். நடுவில் புத்தி வந்து மாற்றினால் செல்லாது. ஒரு சுருள் ஐம்பது அடி. ஓட்டினால் மூன்று நிமிஷம் இருபது வினாடி.

கடைவீதியில் ஒரு கடையில் பிளாஸ்டிக் செங்கல் பெட்டி விற்றார்கள். விரல் நுனி அளவுக் கற்கள். தலையில் குமிழ், அடியில் பள்ளம், ஒன்றின் மேல் ஒன்றை அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். சிவப்பும் வெள்ளையும் நிறைய, மஞ்சள் கொஞ்சம், நீலம் பெட்டிக்கு ஆறே ஆறு. இரண்டு பெட்டி வாங்கினேன். விடுதி அறையில் நான்கு பேர், ஒரு ஜன்னல். அங்கே ஒரு நாள் வைத்த பொருள் மறுநாள் அதே இடத்தில் இருக்காது. அதனால் விடுமுறை விட்டதும் கேமராவையும் கற்களையும் தூக்கிக்கொண்டு வெண்ணந்தூர்ப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே கடலைக்காய் மூட்டை அடுக்குகிற அறை ஒன்று காலியாக இருந்தது. மழை பெய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடுக்க மூட்டை இல்லை. எனக்கு அதுவும் வசதியாகத்தான் பட்டது. தெற்கே பெரிய ஜன்னல், பத்து மணிக்கு மேல் நல்ல வெளிச்சம். அறை ஏன் காலியாக இருக்கிறது என்று நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை.

அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் மாப்பிள்ளை. என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர், ஆனாலும் சம்பந்தத்து மரியாதை, எனக்கு 'ங்க' போடாமல் பேச மாட்டார். அதிகம் பேசவும் மாட்டார். அந்த இரண்டு வருஷத்தில் அவர் தண்ணீருக்காக மூன்று இடத்தில் போர் போட்டிருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் லாரி வரும், ஊரே அவர் கடலைக் காட்டில் கூடும், இருநூறு அடி, முந்நூறு அடி என்று குழாயை இறக்குவார்கள். ஈரமே இல்லாமல் பாறை மாவு வெள்ளையாகக் கிளம்பும். அதைத்தான் எங்கள் பக்கம் புகை என்பார்கள். போர் போட்டவரிடம் என்ன வந்தது என்று கேட்டால், தண்ணீர் இல்லாவிட்டால், பொகைங்க என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மச்சானுக்கு மூன்று தடவையும் புகை.

மூன்றாவது தடவை நானும் கூட்டத்தில் இருந்தேன். குழாயிலிருந்து திடீரென்று மாவு சீறியது. பக்கத்தில் நின்ற மச்சான் மிரண்டு ஓடினார். ஓட்டத்தில் வேட்டி அவிழ்ந்து வரப்பில் கிடந்தது. அரை நிஜாரோடு, தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் திரும்பி வந்து வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, ரிக் லாரிக்காரர்களுக்கு டீ சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவருடைய பங்காளி ஒருவர் வைத்த பெயர்தான் பொகைக்காரர். ஒரே வாரத்தில் டீக்கடை, பால் சொசைட்டி, பஸ் நிறுத்தம் எல்லாம் பரவிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டினால் தோலோடுதான் வரும்.

நான் முதலில் எடுக்க நினைத்தது ஒரு ராஜா கதை. கோட்டை, குதிரை, சண்டை. கடலைக்காய் அறையில் பலகை போட்டுக் கோட்டைச் சுவர் கட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, கல்லுக்கு நேரா கல்லு வெக்கறீங்க? மூட்டு மேல மூட்டு வந்தாச் செவுரு நிக்குமுங்களா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்து, ஒரு வரிசையைப் பிரித்து, அரைக்கல் தள்ளி வைத்துக் காட்டினார். சுவர் அசையாமல் நின்றது. மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது பலகை மேல் ஒரு ரிக் லாரி நின்றது. விடிவதற்குள் எழுந்து அவரே கட்டியிருக்கிறார். மஞ்சள் லாரி, சிவப்புக் கோபுரம், குழாய் இறங்குகிற இடம், காற்று மிஷின் எல்லாம் அச்சாக. மூன்று தடவை பக்கத்திலேயே நின்று பார்த்தவர் அல்லவா. என் கோட்டை அதற்குப் பக்கத்தில் பல்லிளித்தது. ராஜாவை விட்டுவிட்டேன்.

கதையும் அவர் சொன்னதுதான். ஒரு விவசாயி. ரிக் வருகிறது. ஊர் கூடுகிறது. குழாய் இறங்க இறங்கப் புகை. ஊர் கலைந்து போகிறது. விவசாயி மட்டும் நிற்கிறான். கடைசியாக ஒரு குழாய் இறங்குகிறது. தண்ணீர் வருகிறது. ஊர் திரும்பி வருகிறது. அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு, "ஒரு ரோலுக்கு எத்தன அடிங்க?" என்று கேட்டார்.

"ஐம்பதுங்க மச்சான்."

"அம்பது அடியில தண்ணி வரோணுமாக்கும். நல்ல பூமி." அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். "நாப்பத்தஞ்சுல வரவெச்சரலாமுங்க. கடைசி அஞ்சு அடியும் தண்ணிதான்."

கேமராவின் பக்கவாட்டில் சின்ன முள் ஒன்று எத்தனை அடி ஓடியிருக்கிறது என்று காட்டும். அதிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே அடிக்கணக்கு ஆகிவிட்டது. மத்தியானம் சோறு போடும்போது அக்கா கேட்பாள். "இன்னைக்கு எத்தன அடி ஓட்டுனீங்க சாமி?" மூன்று அடி என்பேன். "ஈரம் தட்டுதா?" என்பாள். மச்சான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, "இன்னம் இல்ல, தட்டும்" என்பார். அக்காவுக்கும் அது வெறும் விளையாட்டு இல்லை என்று இப்போது தெரிகிறது. தண்ணீர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்தவள் அவள்தான்.

வேலை இப்படி நடக்கும். மச்சான் பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். குழாயை ஒரு கல் இறக்குவார், விவசாயியை ஒரு குமிழ் தள்ளி வைப்பார், புகைக்கு வைத்திருந்த பஞ்சைக் கொஞ்சம் பிரித்து விடுவார். அந்தப் பஞ்சும் அவர் யோசனைதான், பக்கத்துத் தறிக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தது. நகர்த்தி முடித்ததும் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டு, "கை எடுத்தாச்சுங்க" என்பார். நான் கேபிளை அழுத்துவேன். ஒரு தடவை நகர்த்தினால் ஒரு தடவைதான் அழுத்த வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். இரண்டு இரண்டாக அழுத்தினால் பாதி நேரத்தில் முடியும், பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் தவ்வுகிற மாதிரி தெரியும், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். "தவ்வறதுக்கு இது தவக்களைங்களா?" என்று கேட்டார். பதினைந்து நாள், ஆயிரக்கணக்கான தடவை, கை எடுத்தாச்சுங்க. சினிமா எடுப்பது நான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலை ஒரு விரலுக்கான வேலை.

நீலக்கல் பன்னிரண்டுதான் இருந்தது. தண்ணீருக்குப் போதாது என்று சொல்லிவிட்டு மச்சானே ஒரு நாள் பஸ் ஏறிச் சேலம் போய் இன்னொரு பெட்டி வாங்கி வந்தார். பதினெட்டு நீலக்கல். அவற்றை ஒரு தட்டில், எது முதலில் எழும்ப வேண்டும், எது எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று வரிசையாக அடுக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தார். அதை யாரும் தொடக் கூடாது. இதற்கிடையில் அவர் பங்காளியிடமும் சொல்லிவிட்டார் என்று அக்கா சொன்னாள். பெயர் வைத்தாரே, அவரிடம்தான். சேலத்தில் படம் போடும்போது உங்களையும் கூட்டிப் போகிறேன், கடைசியில் தண்ணீர் வரும், பாருங்கள் என்று. அவ்வளவு நாள் எதற்கும் வாய் திறக்காத மனிதர் இதற்குத் திறந்திருக்கிறார். அது எனக்குக் கேலியாகத்தான் இருந்தது. பொம்மைத் தண்ணீரைக் காட்டியா ஊர் வாயை அடைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

படத்தைக் கழுவ அப்போது பம்பாய்க்குத்தான் அனுப்ப வேண்டும். சேலத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர், சனிக்கிழமை நான்கு மணிக்குள் கொண்டுவந்தால் பார்சலில் சேர்ப்பேன், தவறினால் அடுத்த பார்சலுக்குப் போட்டி முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை முடிவில் முள் நாற்பத்தைந்தில் நின்றது. சரியாக மச்சான் சொன்ன அடி. மீதி ஐந்து அடி தண்ணீர். சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஒரு மணிக்கு முடியும், இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

சனிக்கிழமை காலையில் ஒரு சாவுச் செய்தி வந்தது. மச்சானுடைய உறவில் ஒரு பெரியவர், நான்கு மைல் தள்ளி. போகாமல் இருக்க முடியாத சாவு. மச்சான் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"தலையக் காட்டிட்டுப் பத்தரைக்கெல்லாம் வந்தர்றேனுங்க மாப்ள. தண்ணிய மட்டும் நான் வந்து நவுத்தறேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"சரிங்க மச்சான், வாங்க" என்றேன்.

பத்தரைக்கு அவர் வரவில்லை. வெளிச்சம் வந்துவிட்டது. நான் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகைப் பஞ்சு, ரிக், வெள்ளை வேட்டிக் கல்லோடு அந்த விவசாயி. எனக்குப் பொறுமை எப்போதும் குறைவு, அன்றைக்குச் சுத்தமாக இல்லை. நேரம் போகிறதே என்ற எரிச்சலில் ஒரு எண்ணம் வந்தது. தண்ணீர் வருவதை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். பரிசு வேண்டுமென்றால் சிரிப்பு வேண்டும். இவன் ஓட வேண்டும். வேட்டி அவிழ வேண்டும்.

ஒரே ஒரு அடி மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். விவசாயியின் இடுப்பிலிருந்து வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், அடியில் சிவப்பு தெரிந்தது. பஞ்சை அவன் தலை மேல் வைத்தேன். ஓட விட்டேன். சீக்கிரம் முடிய வேண்டும் என்று இரண்டு இரண்டாக அழுத்தினேன். நகர்த்த நகர்த்த எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு அடி இரண்டானது. முள் நாற்பத்தேழில் இருந்தபோது நிறுத்தியிருக்கலாம். மூன்று அடியில் தண்ணீரை அடக்கியிருக்கலாம், அவசரமாகவாவது. நிறுத்தவில்லை. அவன் வரப்பில் தடுக்கி விழ வேண்டும், எழுந்து மறுபடி விழ வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அவன் இரண்டாம் தடவை விழுந்தபோது கேமராவுக்குள் படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சுருள் முடிந்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். முள்ளை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மச்சான் பன்னிரண்டரைக்கு வந்தார். சைக்கிள் பஞ்சராகி, தள்ளிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் குளிக்காமல் உள்ளே வர மாட்டார், எதையும் தொட மாட்டார். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், எட்டி நின்று கேட்டார்.

"மாப்ள, இன்னம் நேரம் இருக்குதுங்களா? ஒரு சொம்பு ஊத்திக்கிட்டு ஓடியாரட்டுங்களா?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். நான் சொன்னது இது.

"நானே எடுத்துட்டனுங்க மச்சான். நேரமாயிருச்சு பாருங்க."

"தண்ணியவா?"

"ஆமாங்க."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. தன் கையால் செய்ய முடியாமல் போனதே என்றிருக்கும். உடனே, "நல்லா எழும்புச்சுங்களா?" என்றார். நல்லா எழும்புச்சுங்க என்றேன். "அது போதுமுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் செய்த காரியத்தையும் எழுதிவிட வேண்டும். துண்டை எடுத்தேன். அந்தப் பதினெட்டு நீலக்கல்லையும் வரிசை கலைத்து, பலகை மேல் அங்கும் இங்கும் இறைத்தேன், எடுத்து முடித்த மாதிரி தெரிய வேண்டும் என்று. ஓடின விவசாயிக்கு வேட்டிக் கற்களை மறுபடி மாட்டினேன். இதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இருந்தது. பிறகு கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

படம் கழுவி வந்ததும் ஸ்டூடியோக்காரர் அதை நேராகச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஜன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிட்டுத் திரையிட்டார்கள். மச்சான் வந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டி. அக்கா வந்திருந்தாள், தலையில் கனகாம்பரம். பங்காளியும் வந்திருந்தார். மச்சானே பஸ் டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில் பங்காளியை நடுவில் உட்கார வைத்து இவர்கள் இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் இருந்தது. கடிதம் எழுதலாம் எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன், ஏதாவது நடந்து அவர்கள் வராமல் போய்விடுவார்கள் என்று நம்பினேன்.

ரிக் லாரி திரையில் உருண்டு வந்தபோது கூட்டம் கை தட்டியது. நிஜமாகவே நன்றாக இருந்தது. மச்சான் நகர்த்திய ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு போனது. குழாய் இறங்கியது, பஞ்சுப் புகை விரிந்து கரைந்தது, ஊர் கலைந்தது. விவசாயி தனியாக நின்றபோது மண்டபத்தில் சத்தமே இல்லை. பங்காளி பக்கம் மச்சான் சாய்ந்து ஏதோ சொன்னார். இனிமேல்தான் என்று சொல்லியிருப்பார்.

அப்போது விவசாயி ஓடினான். தவ்வித் தவ்வி ஓடினான். வேட்டி கல் கல்லாக உதிர்ந்தது. மண்டபம் வெடித்தது. என்னுடைய ஐந்து அடியும் ஓடி முடிகிற வரைக்கும் சிரிப்பு நிற்கவில்லை. பங்காளி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவன் இரண்டாம் தடவை விழுந்தபோது திரை வெள்ளையானது. விளக்கைப் போட்டார்கள். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வரும் என்கிற மாதிரி. மச்சான் குனிந்து வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தார்.

பரிசு எனக்குத்தான். நடுவராக வந்த ஒரு பேராசிரியர் மேடையில் புகழ்ந்தார். வறட்சியைப் பற்றிப் பொய்யாக நம்பிக்கை கொடுக்காமல், தண்ணீர் வரவே வராமல் முடித்திருக்கிற நேர்மை என்றார். என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். நான் சொன்னேன். தண்ணீர் வருகிற மாதிரி முடிப்பது சுலபம், வேண்டாம் என்று நன்றாக யோசித்துத்தான் விட்டுவிட்டேன். அந்த வார்த்தைகள் என் வாயில் எவ்வளவு சரளமாக வந்தன என்பது இன்றைக்கும் காதில் கேட்கிறது. மச்சான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார். அந்தப் படத்தில் அவர் பெயர் எங்கேயும் இல்லை. அதையும் நான் சொல்லவில்லை.

பங்காளி பீடி குடிக்க முன்னாலேயே வெளியே போயிருந்தார், மேடைப் பேச்சைக் கேட்கவில்லை. நான் பரிசுக் கோப்பையோடு வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் அவர் என்னைத்தான் கேட்டார், மச்சானை வைத்துக்கொண்டே.

"ஏனுங்க தம்பி, கடசீல தண்ணி வருமின்னு சொல்லி என்னையக் கூட்டியாந்தாருங்க. நான் கண்டது பொகையும் வேட்டியும்தான். தண்ணி எங்கீங்க?"

நான் கோப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மச்சான்தான் பேசினார், எப்போதும் பேசுகிற அதே மெதுவான குரலில்.

"தண்ணி எடுத்தோமுங்க. நல்லாத்தான் எழும்புச்சு. பம்பாய்ல கழுவயில போயிருச்சாட்ட இருக்குது. அப்படித்தானுங்க மாப்ள?"

"ஆமாங்க மச்சான்" என்றேன். "கழுவறப்பப் போயிருச்சுங்க."

அக்கா நம்பினாள். மேடையில் நான் பேசியது வெளியே சமாளிக்கச் சொன்னது என்று எடுத்துக்கொண்டாள். பம்பாய்க்காரர்களைத் திட்டினாள். என்னை, "போச்சாது சாமி, நீ என்ன பண்ணுவ" என்று தேற்றினாள். பங்காளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓ, அப்படிங்களா என்றார். அந்த மனிதருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியும், சேர்த்து வைக்கவும் தெரியும். அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது டீக்கடையில் அது காத்திருந்தது. பொகைக்காரருக்குத் தண்ணி வந்துச்சாம், பம்பாய்க்காரன் கழுவிட்டு ஊத்திட்டானாம். அதன் பிறகு அவருக்கு இன்னொரு பெயரும் சேர்ந்துவிட்டது, பம்பாய்த் தண்ணி. சின்னப் பையன்கள்கூட அவர் சைக்கிளில் போனால், பம்பாய்ல மழைங்களா என்று கேட்டார்கள். நான் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு வந்தேன். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு வருஷம் அப்படியே போனது. நான் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்தேன். ஊருக்குப் போவதைக் குறைத்தேன், போனாலும் மச்சானோடு தனியாக இருக்கிற நேரம் வராமல் பார்த்துக்கொண்டேன். கோப்பையை ஒரு தகரப் பெட்டியின் அடியில், பழைய துணிகளுக்குக் கீழே போட்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது ஒரு சின்ன விஷயத்தில்தான். அக்கா ஒரு நாள் பேச்சுவாக்கில், இவர் இப்போதெல்லாம் டீக்கடைப் பக்கமே போவதில்லை, சுற்றிக்கொண்டு வாய்க்கால் வழியாகப் போகிறார் என்றாள். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை, கேட்டால் வெயில் என்கிறாராம். வாய்க்கால் வழியில் ஒரு மரம் கிடையாது.

முதல் சம்பளங்களில் மிச்சம் பிடித்து ஒரு புதிய சுருள் வாங்கினேன். கேமராவைக் கல்லூரியில் கெஞ்சி வாங்கினேன். அக்கா வீட்டுக்குப் போனபோது மச்சான் காட்டில் இருந்தார். அவர் அதற்குள் விவசாயத்தைப் பாதி விட்டுவிட்டு, மேச்சேரியிலிருந்து செம்மறி வாங்கி வந்து மேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டைப் படுக்கப் போட்டுக் குளம்பை அரிவாள் நுனியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.

"மச்சான், அன்னைக்கு நான் தண்ணிய எடுக்கவே இல்லீங்க. பம்பாய்ல ஒண்ணும் போகலீங்க."

அவர் குளம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுமுங்க மாப்ள."

"எப்பத் தெரியுமுங்க?"

"ஓடயிலயே தெரிஞ்சு போச்சு. நம்ம ஒருக்கா நவுத்துனா ஒருக்காத்தானுங்க அமுக்குவோம். அந்த ஓட்டம் தவ்விக்கிட்டுப் போச்சு. நான் ஊட்டுல இல்லாதப்ப எடுத்தது. சுருள் அம்பது அடிதான். அதுக்கப்பறம் தண்ணிக்கு இடம் ஏதுங்க?"

"அப்பறம் ஏனுங்க பம்பாய்னு சொன்னீங்க?"

சுரண்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், இதற்குக் காரணம் வேண்டும் என்று அதுவரை அவருக்குத் தோன்றாத மாதிரி.

"பங்காளி உங்களைக் கேட்டுப்போட்டாரு. நீங்க முழிச்சுக்கிட்டு நின்னீங்க. கையில கோப்பை வேற. யாராச்சும் ஒருத்தரு என்னமாச்சும் சொல்லோணுமில்லீங்களா?"

நான் அழுதேன். அதையும் மறைக்க ஒன்றும் இல்லை. பையிலிருந்து புதிய சுருளை எடுத்துக் காட்டினேன். மறுபடி எடுத்துவிடலாம் மச்சான், கல்லெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, ஐம்பது அடியும் தண்ணீராகவே எடுக்கலாம், ஊரில் திரை கட்டிப் போடுகிறேன், பங்காளியை முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது.

அவர் சுருள் பெட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

"வேண்டாமுங்க மாப்ள. அன்னைக்கு எடுத்திருந்தா அது எனக்கு. இப்ப எடுத்தா அது உங்களுக்குத்தானுங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் எதையாவது பதில் பேசியிருப்பேன். அவர் அந்த ஆட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்துப் படுக்க வைத்தார். உதைக்கிறது, காலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் குனிந்து பிடித்துக்கொண்டேன்.